சொல்ல வேண்டியவர்களும் எழுத வேண்டியவர்களும்

2024 ஆகஸ்ட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைப் பள்ளி வளாகத்திலேயே தங்கவைத்தார்கள். நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த முகாமில் 13 வயதுச் சிறுமி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். பள்ளி நிர்வாகத்திடம் விஷயம் போயும், வெளியே சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளை அடக்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சிறுமி வீட்டில் சொன்ன பிறகுதான் புகார் போலீஸுக்குப் போனது. முகாமை நடத்தியவரோடு பள்ளியின் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள்.

கொடுமை செய்தவர் மீது வழக்கு என்றால் எல்லோருக்கும் புரிகிறது. முதல்வர் மீது எதற்கு என்பதுதான் இன்னும் பலருக்கு விளங்குவதில்லை. 2021-ல் கோவையில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொண்டபோதும் இதே கேள்வி எழுந்தது. ஆசிரியர் மீதான புகார் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லவில்லை என்று, அந்தப் பள்ளியின் முதல்வர் மீதும் அப்போது வழக்குப் பாய்ந்தது.

விடை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14 அன்று. அதன் 19-வது பிரிவு யாரையும் விட்டுவைக்கவில்லை. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தவர், நடந்துவிடுமோ என்று அஞ்சக் காரணம் உள்ளவர், யாராக இருந்தாலும் போலீஸிடம் சொல்லியாக வேண்டும். அப்பா, அம்மா, தாத்தா, டீச்சர், டாக்டர், வார்டன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்டனை இல்லை. நல்ல எண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பதையும் அதே பிரிவு எழுதிவைத்திருக்கிறது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் பள்ளிகளில் முதலில் நடப்பது 'உள் விசாரணை'. பிள்ளையைக் கூப்பிட்டு நாலு பேர் நடுவில் நிற்கவைத்துக் கேட்பது, சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் விளக்கக் கடிதம் வாங்குவது, பெற்றோரை வரவழைத்து "பொம்பளப் புள்ள, நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க" என்று பேசுவது. அந்த ஆசிரியர் ராஜினாமா செய்துவிட்டு அடுத்த ஊரில், அடுத்த பள்ளியில் சேர்ந்துவிடுவார். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைகளின் கணக்கில்தான் ஏறுகிறது. உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கும் வேலையைச் சட்டம் தலைமையாசிரியரிடம் கொடுக்கவே இல்லை. அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சொல்வது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போட்டு ஆரம்பிக்கலாம்.

மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு விடுதியில் பழங்குடிச் சிறுமிகள் பலர் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கு விஷயம் தெரியும், அவர் போலீஸுக்குச் சொல்லவில்லை என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்திருந்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரங்களில் அது குற்றவாளியைக் காக்கும் முயற்சி என்றது தீர்ப்பு. அந்த வார்த்தைகள் ஒவ்வொரு ஆசிரியர் ஓய்வறையிலும் ஒவ்வொரு மருத்துவமனையின் பணி அறையிலும் ஒட்டப்பட வேண்டியவை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும்தான் இந்தக் கடமை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 33-வது பிரிவாகியிருக்கிறது. கொலை, கொள்ளை, பயங்கரவாதம், கள்ள நோட்டு என்று ஒரு நீண்ட பட்டியல் அதில் இருக்கிறது. உணவுக் கலப்படம்கூட உண்டு. இவை நடந்தது தெரிந்தாலும், நடத்தத் திட்டமிடுகிறார்கள் என்று தெரிந்தாலும், உடனே போலீஸிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தெரிவிக்க வேண்டும். சொல்லாததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவரும் சொல்லாமல் இருந்தவர்தான்.

வயது வந்த பெண் மீதான பாலியல் வன்கொடுமை இந்தப் பட்டியலில் இல்லை. அது விடுபட்டதல்ல, அப்படி இருப்பதே சரி என்பேன். புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அந்தப் பெண்ணுடையது. ஊரும் உறவும் அவருக்காக முடிவெடுக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனைகளுக்குச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், போலீஸுக்கும் தகவல் சொல்ல வேண்டும். புகார் வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னால் அந்த மறுப்பைப் பதிவு செய்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியிருக்கிறது. முதலில் சிகிச்சை. அதை எதற்காகவும் நிறுத்திவைக்க முடியாது.

கிராமத்துக்கு வந்தால் இந்தக் கடமைக்குத் தனியாக ஓர் ஆள் இருக்கிறார். கிணற்றில் பிணம் மிதக்கிறது, ஓடையில் மணல் அள்ளுகிறார்கள் என்றால் முதல் தகவல் போவது வி.ஏ.ஓ.விடமிருந்து. '...கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின் பேரில்' என்ற வரியை நாளிதழ்களில் படித்துப் பழகியிருக்கிறோம். 1980-ல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்த பிறகு, அவர்கள் பார்த்துவந்த இந்த வேலை இவர்கள் தலையில் வந்தது. கிராம அலுவல் பார்ப்பவர்கள் குற்றங்களைத் தெரிவித்தாக வேண்டும் என்று புதிய சட்டமும் 34-வது பிரிவில் தனியாகச் சொல்கிறது.

அந்தக் கடமையைச் செய்தவர் லூர்து பிரான்சிஸ். தூத்துக்குடி மாவட்டம், முறப்பநாடு பகுதியில் வி.ஏ.ஓ. தாமிரபரணி மணல் கடத்தல் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சில மாதங்களிலேயே வழக்கு முடிந்தது, இருவருக்கு ஆயுள் தண்டனை. அரசு குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. விரைவான தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் புகார் கொடுத்த நாளுக்கும் வெட்டப்பட்ட நாளுக்கும் நடுவில் அவருக்கு என்ன காவல் இருந்தது? 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம், சட்டவிரோதக் கல்குவாரிகள் பற்றித் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அங்கேயும் இதே கேள்விதான்.

ஆகவே "நமக்கு ஏன் வம்பு" என்று ஒதுங்குகிறவரைக் கோழை என்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒரு கணக்குப் போடுகிறார். சொன்னால் ஸ்டேஷனுக்கு எத்தனை நடை, கோர்ட்டுக்கு எத்தனை வாய்தா, அதே தெருவில் எதிராளியின் முகத்தில் எத்தனை வருஷம் விழிக்க வேண்டும் என்ற கணக்கு. தண்டனையைக் காட்டி மட்டும் அந்தக் கணக்கை மாற்ற முடியாது.

மாற்ற முடியும் என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே ஒரு சான்று உண்டு. சாலை விபத்தில் அடிபட்டுக் கிடந்தவரைத் தொட ஒரு காலத்தில் எல்லோரும் பயந்தார்கள். தூக்கிக்கொண்டு போனவனையே உட்காரவைத்து விசாரிப்பார்கள் என்ற பயம். 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவியவர்களைப் பாதுகாக்கும் விதிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. உதவியவர் மீது வழக்கு வராது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இங்கே சட்டம் மிரட்டவில்லை, பயத்தை எடுத்துவிட்டது. குற்றத் தகவல் விஷயத்திலும் அதைச் செய்யலாம். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018-லேயே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டமாக ஏற்றது. மாநிலங்கள் அப்படி ஒரு திட்டத்தை அறிவித்தாக வேண்டும் என்று புதிய சட்டத்தின் 398-வது பிரிவும் சொல்கிறது. ஆனால் புகார் கொடுக்கப் போகிற சாமானியரிடம் "உங்களுக்குப் பாதுகாப்பு கேட்கும் உரிமை இருக்கிறது" என்று ஸ்டேஷனில் யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

ஸ்டேஷன் வாசலுக்கே வருவோம். சொல்ல வேண்டியவர் துணிந்து வந்துவிட்டார். வாசலில் பாராவில் நிற்பவர் என்ன என்கிறார். உள்ளே ரைட்டரைப் பாருங்கள் என்கிறார்கள். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், சாயந்திரம் வாங்க என்கிறார்கள். 'இது எங்க லிமிட் இல்லை' வருகிறது. 'ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி விடுறோம்' வருகிறது. கடைசியில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனு கொடுத்ததற்கான அத்தாட்சி மட்டும்தான் அது. அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக மடித்து பீரோவில் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

கைது செய்வதற்குரிய குற்றம் நடந்திருக்கிறது என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், போலீஸுக்கு வேறு வழியே இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. லலிதா குமாரி வழக்கு. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி ப.சதாசிவம், நம் பவானிக்காரர். வழக்கின் தொடக்கம் மிக எளிமையானது. 2008-ல் உத்தரப் பிரதேசத்தில் மகளைக் காணோம் என்று ஓர் அப்பா போலீஸிடம் போனார். அவர்கள் எழுதவில்லை. எஸ்.பி.யிடம் போன பிறகுதான் எழுதினார்கள். எழுதியும் தேடவில்லை. அந்த அப்பாவின் அலைச்சலில் பிறந்த தீர்ப்புதான் இன்று நாட்டில் ஒவ்வொரு புகார்தாரருக்கும் துணை.

புதிய சட்டம் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். இணைய வழியில் தகவல் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கூடவே ஒரு கதவைப் பாதி சாத்தவும் செய்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்கிறது 173-வது பிரிவு. லலிதா குமாரி தீர்ப்பு குறுக்கியதை இது அகலமாக்குகிறது. அந்த 14 நாளில் என்னென்ன பேச்சுவார்த்தை நடக்கும் என்பதை நம் ஊர் கட்டப் பஞ்சாயத்துகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எழுதாமல் விடுவது புகார் கொடுத்தவரை மட்டும் பாதிக்கும் என்று எண்ண வேண்டாம். சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் 2025 ஜூனில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தனிப்படை அவரை அடித்தது. ஜூன் 28 அன்று அவர் இறந்தார். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நேரம் பதிவாகிறது, விசாரிக்கும் அதிகாரியின் பெயர் பதிவாகிறது, அந்தத் தாள் உடனே நீதிமன்றத்துக்குப் போகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் உயிருக்கும் அதுதான் முதல் வேலி. எழுதாத புகார் யார் கையிலும் ஆயுதமாகிவிடும். அடித்ததை மறைந்திருந்து போனில் படம் பிடித்தவர் பிறகு தனக்குப் பாதுகாப்பு கேட்க வேண்டிவந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

எழுதிய பிறகும் ஒன்று இருக்கிறது: பெயர். 2019-ல் பொள்ளாச்சியில் ஒரு பெண் பாலியல் கொடுமை பற்றிப் புகார் கொடுத்தார். அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். பிறகு மாவட்டத்தின் எஸ்.பி.யே செய்தியாளர் சந்திப்பில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது மதுரைக் கிளை. அதே தவறு 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் திரும்ப நடந்தது. எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது, அவரைப் பற்றிய விவரங்கள் கைக்குக் கை போயின. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்த சென்னை உயர் நீதிமன்றம், இடைக்கால இழப்பீடாக மறுபடியும் 25 லட்சம் தரச் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டத்தில் இருக்கும்போதே இது.

அப்படியும் அவர்கள் பின்வாங்கவில்லை. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் அடுத்த மாதமே ஆயுள் தண்டனை, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல். தங்கள் பெயர் காற்றில் பறந்த பிறகும் கோர்ட்டில் வந்து நின்ற அந்தப் பெண்களுக்கு இந்த மாநிலம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அளவு நெஞ்சுரம் இருந்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்ற நிலை இருக்கலாமா? பொள்ளாச்சியில் இன்னும் எத்தனை பெண்கள் வாய் திறக்காமலே இருந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இந்தக் கட்டாயம் சில இடங்களில் குழந்தைக்கே எதிராகத் திரும்புவதையும் சொல்லாமல் விட முடியாது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து, அவள் கருவுற்றுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைக்குப் போனால் டாக்டர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். பையன் மீது போக்சோ. இதற்குப் பயந்து போலி மருத்துவரிடமும் நாட்டு மருந்தைத் தேடியும் போகும் பெண் தன் உயிரையே பணயம் வைக்கிறாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதில் ஒரு வழி காட்டியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குத் தரும் தகவலில் பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிடத் தேவையில்லை. அதே ஆண்டு டிசம்பரில், இருவரும் விரும்பிய உறவு சம்பந்தமான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். வன்முறையையும் வயசுக் காதலையும் ஒரே படிவத்தில் எழுதும் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்துகிற வரைக்கும், இப்படிப்பட்ட சின்னச் சின்ன வழிகள்தான் இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும்.

சொல்லாதவரைத் தண்டிக்கும் பிரிவுகளைப் பேசுகிறோம். எழுதாதவரைத் தண்டிக்கவும் பிரிவுகள் உண்டு. போக்சோவின் 21-வது பிரிவு, புகாரைப் பதியாத போலீஸுக்கும் அதே ஆறு மாதத்தைத்தான் சொல்கிறது. பெண்களுக்கு எதிரான முக்கியக் குற்றங்களில் தகவலைப் பதிய மறுத்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல், இரண்டு ஆண்டு வரை போகலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, தலித், பழங்குடி மக்களின் புகாரை வேண்டுமென்றே பதியாத, அந்தச் சமூகங்களைச் சாராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. பள்ளி முதல்வரும் வார்டனும் கைதான செய்தியைப் படிக்கிறோம். எழுத மறுத்ததற்காக ஓர் இன்ஸ்பெக்டர் இந்தப் பிரிவுகளில் தண்டனை பெற்றார் என்ற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்? ஆயுதப்படைக்கு மாற்றம், காத்திருப்போர் பட்டியல், இவற்றோடு முடிந்துபோகிறது.

போலீஸ் உடுப்புக்குள்ளேயே இந்தக் கடமையைச் செய்தவர் உண்டு. 2020 ஜூன், சாத்தான்குளம். தந்தையும் மகனும் ஸ்டேஷனில் அடிக்கப்பட்டு இறந்த பிறகு, மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் பாரதிதாசன் விசாரிக்கப் போனார். ஸ்டேஷனில் அவருக்கு ஒத்துழைப்பு இல்லை, மரியாதையும் இல்லை. ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. அந்தச் சூழலில், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது என்று சாட்சி சொன்னார் தலைமைக் காவலர் ரேவதி. மேலதிகாரிகளும் சக காவலர்களும் சுற்றி நிற்க, கையெழுத்துப் போடப் பயந்து, பிறகு போட்டார். அவருக்குப் பாதுகாப்பு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு தலைமைக் காவலரால் அந்த அறையில் வாயைத் திறக்க முடிந்ததற்குக் காரணம், அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள எதிரில் ஒரு மாஜிஸ்திரேட் இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு நீதிமன்றம் இருந்தது.

காவல் துறை மானியக் கோரிக்கையின்போது ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறார்கள். எத்தனை கொலை, எத்தனை கொள்ளை, எத்தனை கண்காணிப்பு கேமரா எல்லாம் அதில் வருகிறது. அதே புத்தகத்தில் இன்னும் மூன்று எண்கள் வர வேண்டும். அந்த ஆண்டு கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதுகளில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின. எழுத மறுத்த எத்தனை அதிகாரிகள் மீது 21, 199, 4 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிந்தார்கள். பாதுகாப்பு கேட்ட எத்தனை புகார்தாரர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. இவற்றை மாவட்டவாரியாகக் கேட்க எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் உரிமை உண்டு. அடுத்த மானியக் கோரிக்கையிலேயே கேட்கலாம்.